ரியாக்ட் படிப்பதா, எம்டிஎன் படிப்பதா?

மூன்று மாதமாக வெப் டெவலப்மென்ட் கற்றுவரும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று திறந்த தரநிலைகளை மட்டும் படி, மற்றதெல்லாம் வந்துபோகும் என்கிறார் ஒரு நண்பர். வேலை வேண்டுமென்றால் ரியாக்டும் ஃபயர்பேஸும் தெரிந்தால் போதும் என்கிறார் இன்னொருவர். நான் பார்க்கும் இலவசப் பாடங்களில் பாதி, ஏதோ ஒரு நிறுவனத்தின் தளத்தில் கணக்குத் தொடங்கச் சொல்லித்தான் ஆரம்பிக்கின்றன. எதை நம்பிப் படிப்பது? ஃபயர்பேஸில் ஒரு குறிப்பேடு ஆப் பாதி முடித்திருக்கிறேன், அதை விட்டுவிடலாமா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: ரியாக்ட் என்பது பக்கத்தின் திரையைக் கட்ட உதவும், ஃபேஸ்புக்கில் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி (தயார் நிரல் தொகுப்பு); ஃபயர்பேஸ் என்பது தரவுச் சேமிப்பு போன்ற சர்வர் பக்க வேலைகளை, அதாவது பின்தளத்தை, பார்த்துக்கொள்ளும் கூகுள் சேவை; தலைப்பில் உள்ள எம்டிஎன் வலைத் தரநிலைகளை விளக்கும் இலவச ஆவணத் தளம்.

முதலில், இந்தப் பேச்சில் எல்லோரும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் ஒன்றைப் பிரித்துவிடலாம். ஓபன் சோர்ஸ் வேறு, திறந்த தரநிலை வேறு. ரியாக்டின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனாலும் ரியாக்ட் ஒரு தரநிலை கிடையாது. அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பொது ஆவணம் இருந்து, அதைப் பார்த்துப் பல பேர் தனித்தனியாக அதை எழுதுவதில்லை. ஒரு குழு முடிவெடுக்கிறது. அந்தக் குழு இந்த முறை எதை வெளியிடுகிறதோ அதுதான் ரியாக்ட். பிரியாக்ட் மாதிரி சில இருக்கின்றன, அவை அதைப் பார்த்துப் போலச் செய்பவை.

எச்டிஎம்எல்லின் கதை அப்படியில்லை. அங்கே ஆவணம்தான் மூலம். பிளிங்க் (குரோம்), வெப்கிட் (சஃபாரி), கெக்கோ (ஃபயர்பாக்ஸ்) என்று, பக்கத்தைப் படித்துத் திரையில் வரையும் மூன்று பிரவுசர் எஞ்சின்களும் அந்த ஆவணத்துக்குக் கட்டுப்பட்டவை. (பிளிங்க் 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்ததுதான், இப்போது இரண்டும் தனித்தனி வீடு.) யாராவது நான்காவதாக ஒரு பிரவுசர் எழுத நினைத்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வலைத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2004இல் கொண்டுவந்த காப்புரிமைக் கொள்கையின் நோக்கமே, அதன் தரநிலைகளை எவரும் உரிமத்தொகை கட்டாமல் செயல்படுத்த முடிய வேண்டும் என்பதுதான். ஜாவாஸ்கிரிப்ட்டும் அப்படியே. 1995இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதிய மொழி, 1997இல் எக்மா என்ற தரநிலை அமைப்பின் 262ஆம் எண் தரநிலையாக வந்துவிட்டது. நெட்ஸ்கேப் போய்விட்டது, மொழி இருக்கிறது.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு 2017ஐப் பாருங்கள். ரியாக்ட் அப்போது ஃபேஸ்புக்கின் ஒரு கூடுதல் காப்புரிமைப் பிரிவோடு வந்துகொண்டிருந்தது. பல ஓபன் சோர்ஸ் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அந்த உரிமம் கூடாது என்றது. வேர்ட்பிரஸ் தரப்பும் ரியாக்ட்டைக் கைவிடப் போவதாக அறிவித்தது. சில நாட்களில் ஃபேஸ்புக் இறங்கி வந்து, கட்டுப்பாடுகள் குறைந்த எம்ஐடி உரிமத்துக்கு மாற்றியது. நல்ல முடிவுதான். ஆனால் அதுவரை ரியாக்ட் கற்ற அத்தனை பேரும், வேறெங்கோ ஒரு சட்டப் பிரிவு என்ன சொல்லப் போகிறது என்று காத்துக்கொண்டிருந்தார்கள். எச்டிஎம்எல் கற்றவர்களுக்கு அந்த நிலை வரவில்லை.

இதற்கும் கீழே இன்னொரு படி இருக்கிறது: மூலநிரலும் தெரியாத, ஒரே நிறுவனத்தின் சர்வரில் மட்டும் ஓடும் சேவைகள். ஃபயர்பேஸின் பெரும்பகுதி இந்த வகை. ஆக, நண்பர்கள் இருவரும் சொல்லும் "திறந்தது", "நிறுவனத்தினுடையது" என்ற இரண்டு பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. ரியாக்ட்டையும் ஃபயர்பேஸையும் ஒரே மூச்சில் சொல்வதே கொஞ்சம் தவறு.

சரி, கற்பவருக்கு இதனால் என்ன? நாள்பட நிற்குமா என்பதுதான்.

தரநிலைக் குழுக்கள் பழைய பக்கங்களை உடைக்கக் கூடாது என்பதில் காட்டும் பிடிவாதம் வேறு எங்கும் பார்க்க முடியாதது. 2018இல் நடந்த ஒரு வேடிக்கை. அடுக்கடுக்காக இருக்கும் அர்ரேயை (மதிப்புகளின் பட்டியலை) தட்டையாக்க ஜாவாஸ்கிரிப்ட்டில் "ஃபிளாட்டன்" என்று ஒரு வசதி சேர்க்க இருந்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரில் ஏற்கெனவே ஒன்றைச் செய்து வைத்திருந்தது. அதைப் பயன்படுத்தும் பழைய தளங்கள் உடையும் என்று தெரிந்தது. பெயரை "ஸ்மூஷ்" என்று வைக்கலாமா என்று ஒருவர் கிண்டலாகச் சொல்ல, அது பெரிய அமளியாகி, கடைசியில் "ஃபிளாட்" என்று சுருக்கி 2019 பதிப்பில் சேர்த்தார்கள். மூடூல்ஸைப் பெரும்பாலோர் மறந்துவிட்ட காலத்தில், யாரோ எப்போதோ எழுதிய பக்கங்களுக்காக ஒரு மொழியே பெயரை மாற்றிக்கொண்டது. 1990களின் தொடக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதல் வலைப் பக்கங்கள் இன்றைய பிரவுசரில் அப்படியே திறப்பதும் இந்தப் பிடிவாதத்தால்தான்.

மறுபக்கம்? பிரவுசரில் அசைபடமும் விளையாட்டும் ஓட்டிய ஃபிளாஷ் ஒரு காலத்தில் வெப் பாடநூல்களில் தனி அலமாரி பிடித்திருந்தது. 2020 டிசம்பர் 31இல் ஆதரவு முடிந்தது; 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே கோப்புகளை ஓட்ட மறுத்தது. அதற்குப் போட்டியாக மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த சில்வர்லைட் அதே 2021 அக்டோபரில் போனது. ரியாக்ட் மாதிரி திரை கட்ட உதவிய ஆங்குலர்ஜேஎஸ் ஓபன் சோர்ஸ்தான், கூகுளே பின்னால் நின்றது. 2016இல் வந்த இரண்டாம் பதிப்பு முற்றிலும் வேறு ஒன்றாக இருந்தது, பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றது. சேவைகள் இன்னும் வேகம். பார்ஸ் என்ற பின்தளச் சேவையை ஃபேஸ்புக் 2013இல் வாங்கி, 2016இல் மூடப்போவதாகச் சொல்லி, 2017 ஜனவரியில் மூடியது. செய்த ஆப்பை இணையத்தில் ஏற்றித் தரும் ஹெரோகு 2022 நவம்பரில் இலவசத் திட்டத்தை நிறுத்தியபோது, "கடைசிப் படி: ஹெரோகுவில் இலவசமாக ஏற்றுங்கள்" என்று முடிந்த பாடங்கள் எல்லாம் கடைசிப் படியில் தடுக்கி விழுந்தன. அந்தப் பாடங்களை எழுதியவர்கள் மீது தவறே இல்லை. கற்பவர்தான் தனக்கு ஏதோ புரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

என் அனுபவம் ஒன்று. நான் முதலில் போன பயிற்சி வகுப்பில் ஒரு எடிட்டர் மென்பொருளைத்தான் "வெப் டிசைனிங்" என்று கற்றுத் தந்தார்கள். எந்த மெனுவில் எது இருக்கிறது என்று தேர்வு. நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆறு மாதம் கழித்து ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் ஒரு படிவம் எழுதச் சொன்னார்கள், கை ஓடவில்லை. அந்த மென்பொருள் நன்றாகவே வேலை செய்தது. அது எனக்காக என்ன எழுதிக்கொண்டிருந்தது என்று யாரும் திறந்து காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

என் பதிலின் மையம் இதுதான். ஒரு பாடம் நிறுவனத்தின் கருவியைச் சொல்லித் தருகிறதா என்பது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. தரநிலை எங்கே முடிகிறது, கருவி எங்கே தொடங்குகிறது என்ற தையலை அது காட்டுகிறதா என்றுதான் பார்ப்பேன்.

தையலைக் காட்டாத பாடம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ரியாக்ட் பாடங்களில் உள்ளீட்டுப் பெட்டிக்கு "ஆன்சேஞ்ச்" எழுதுவது இரண்டாம் நாளே வந்துவிடும். பயனர் ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் அது இயங்கும். அதைக் கற்றவர் பிறகு ரியாக்ட் இல்லாத ஒரு பக்கத்தில் "சேஞ்ச்" நிகழ்வை வைத்துப் பார்த்தால், எழுத்துக்கு எழுத்து எதுவும் நடக்காது. ஏனென்றால் தரநிலைப்படி டெக்ஸ்ட் பெட்டியில் "சேஞ்ச்" என்பது பயனர் எழுதி முடித்துப் பெட்டியை விட்டு நகரும்போதோ என்டர் தட்டும்போதோதான் வரும். ஒவ்வோர் எழுத்துக்கும் வருவது "இன்புட்" என்ற வேறு நிகழ்வு. ரியாக்ட் தன் வசதிக்காக அந்தப் பெயருக்கு வேறு பொருள் கொடுத்து வைத்திருக்கிறது. அது அவர்கள் விருப்பம். ஆனால் பாடத்தில் இதற்கு ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால் இரண்டு வருட அனுபவமுள்ளவர்கள் பிரவுசரில் பிழை இருக்கிறது என்று சாதிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

படிவங்களிலும் இதே கதை. ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு ஸ்டேட் (ரியாக்ட் நினைவில் வைக்கும் மதிப்பு) வைத்து, அழுத்தத் தக்க ஒரு டிவ் (தனக்கென்று பொருளில்லாத பெட்டி டேக்) வைத்து, அதன் மேல் கிளிக் நிகழ்வு வைத்து முடித்துவிடுவார்கள். உண்மையான பட்டன் டேக்கை வைத்தால் கீபோர்டால் அதற்குப் போகலாம், என்டரும் ஸ்பேஸும் வேலை செய்யும், திரைவாசிப்பான் அதைப் பட்டன் என்று அறிவிக்கும். இதெல்லாம் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்கூட எழுதாமல் கிடைப்பது. டிவ்வில் இவை அத்தனையையும் கையால் கட்ட வேண்டும், யாரும் கட்டுவதில்லை. ரியாக்டில் பட்டன் டேக் எழுத ஒரு தடையும் கிடையாது. பாடம் எழுதியவருக்கு அடியில் இருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான்.

கற்றல் வளங்கள் கற்பவரை மட்டும் கெடுப்பதில்லை. சில நேரம் வலையையே வளைத்துவிடும். 2010ஐ ஒட்டிய காலத்தில் சிஎஸ்எஸ்ஸின் புதிய வசதிகளுக்கு ஒவ்வொரு பிரவுசரும் தன் பெயரில் ஒரு முன்னொட்டு வைத்திருந்தது. சோதனைக்காக, பிறகு எடுத்துவிடுவதற்காக. வெப்கிட்டில் ஓடும் ஐபோன் பெரும் வெற்றி பெற்றிருந்ததால் பாடங்களும் மாதிரி நிரல்களும் வெப்கிட் முன்னொட்டை மட்டும் எழுதிக் காட்டின. அதைப் பார்த்துக் கற்றவர்கள் அப்படியே எழுதினார்கள். மற்ற பிரவுசர்களில் அந்தத் தளங்கள் கோணல்மாணலாகத் தெரிந்தன. 2012இல் ஓபரா வேறு வழியில்லாமல் போட்டியாளரின் முன்னொட்டைத் தானும் ஏற்பதாக அறிவித்தது. 2016இல் ஃபயர்பாக்ஸும் அதே வழிக்கு வந்தது. இன்று அந்த வெப்கிட் முன்னொட்டுகளில் சில, பொருந்துகைக்கான தனித் தரநிலையில் நிரந்தரமாக ஏறிவிட்டன. ஒரு நிறுவனத்தின் சோதனைப் பெயர், வெட்டி ஒட்டிய பாடங்களின் பலத்தில் எல்லோருக்குமான சட்டமாகிவிட்டது.

தமிழில் படிப்பவர்களுக்கு இதன் இன்னொரு வடிவம் தெரிந்திருக்கும். யுனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஓர் எழுத்துருவையும் குறிமுறையையும் வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லையென்றால் பக்கம் முழுக்கப் புரியாத குறிகள். அந்தக் காலத்தில் "தமிழில் இணையப் பக்கம் செய்வது எப்படி" என்று ஏதோ ஓர் எழுத்துருவை வைத்துக் கற்றவர்கள், பிறகு மொத்தத்தையும் முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் சொன்னதால் தரநிலை என்றால் புனிதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுவனங்கள் தனியாகச் செய்து பார்த்தவைதான் பல நல்ல தரநிலைகளுக்கு விதை. பக்கத்தைப் புதுப்பிக்காமல் சர்வரோடு பேசும் வசதியை மைக்ரோசாஃப்ட் 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் ஆக்டிவ்எக்ஸ் என்ற தன் சொந்த நுட்பத்தில் ஒரு துண்டாகக் கொண்டுவந்தது. அது இல்லாமல் அதை வைத்துப் பக்கம் கட்டும் ஏஜாக்ஸ் முறை இல்லை, அதே வேலையைச் செய்யும் இன்றைய ஃபெட்சும் இல்லை. பக்கத்தில் நிரலால் படம் வரைய உதவும் கேன்வாஸ் 2004இல் ஆப்பிள் தன் சொந்தத் தேவைக்குச் செய்தது. ஜேகுவெரி என்ற லைப்ரரி 2006இல் வந்து, பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் சிஎஸ்எஸ் செலக்டரால் எதையும் தேடிப்பிடிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திய பிறகே பிரவுசர்களில் அதையே செய்யும் குவெரி செலக்டர் பரவலானது. இன்னொரு பக்கம், தரநிலைக் குழுக்கள் பல வருடம் உழைத்துக் குப்பையில் போட்டவையும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டின் நான்காம் பதிப்பு 2008இல் கைவிடப்பட்டது. எக்ஸ்எச்டிஎம்எல் 2 மறு ஆண்டு. அவற்றை நம்பி முன்கூட்டியே பாடம் எழுதியவர்களும் ஏமாந்தார்கள்.

தரநிலை மாதிரியே உடுத்திக்கொண்டு வருபவையும் இருக்கின்றன, கவனம். பக்கத்திலிருந்தே வெளிக் கருவிகளோடு பேச வைக்கும் வெப் புளூடூத், வெப் யுஎஸ்பி போன்றவற்றுக்கு முறையான ஆவணம் உண்டு, பார்க்க டபிள்யூ3சி ஆவணம் போலவே இருக்கும். ஆனால் குரோமின் அடித்தளமான குரோமியம் வழி வந்த பிரவுசர்கள்தான் அவற்றைச் செயல்படுத்தின. பாதுகாப்பையும் தனியுரிமையையும் காரணம் காட்டி சஃபாரி, ஃபயர்பாக்ஸ் தரப்புகள் எதிர்த்தன. "வெப் ஏபிஐ" என்று ஒரு பாடம் சொன்னால் எத்தனை எஞ்சின் அதை ஏற்றிருக்கிறது என்று பாருங்கள். இதற்கு இப்போது எளிய வழி இருக்கிறது. எம்டிஎன் பக்கங்களின் தலையில் "பேஸ்லைன்" என்று ஒரு பட்டை தெரியும், 2023இல் தொடங்கியது. முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஒரு வசதி வந்து 30 மாதம் ஆகியிருந்தால் "பரவலாகக் கிடைக்கிறது" என்று அது சொல்லும்.

எம்டிஎன் பற்றி வந்ததால் அதன் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி கற்றல் வளங்களைப் பற்றியது. நெட்ஸ்கேப்பிடம் டெவ்எட்ஜ் என்ற அருமையான ஆவணத் தளம் இருந்தது. 2004இல் உரிமையாளரான ஏஓஎல் அதை மூடியது. ஆவணங்கள் ஒரே நாளில் மறைந்தன. மோசில்லா பேசி அனுமதி வாங்கி, 2005இல் அவற்றை மீட்டு எல்லோரும் திருத்தும் தளமாக்கியது. அதுவே இன்றைய எம்டிஎன். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் யாரும் நகலெடுத்து வளர்க்கலாம். 2017இல் மைக்ரோசாஃப்ட்டும் கூகுளும் சாம்சங்கும் தனித்தனி ஆவணங்களுக்குப் பதில் இதிலேயே கைகோத்தன. 2020இல் மோசில்லா ஆட்குறைப்பு செய்தபோது எம்டிஎன் குழுவும் அடிபட்டது. ஆனால் உள்ளடக்கம் யாருக்கும் பூட்டப்படாததால், 2021இல் ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு தொடங்கி, எழுதுபவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலையைத் தொடர்ந்தது. கற்பிக்கப்படும் தொழில்நுட்பம் திறந்ததாக இருந்தாலும், கற்பிக்கும் பக்கம் பூட்டியதாக இருந்தால் டெவ்எட்ஜ் மாதிரி ஒரு காலையில் இல்லாமல் போகும். ஓடின் புராஜெக்ட் என்ற இலவசப் பாடத்தளத்தின் பாடத்திட்டமும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பது. டபிள்யூ3ஸ்கூல்ஸ் பெயரைப் பார்த்து டபிள்யூ3சியின் தளம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நார்வே நிறுவனம் ஒன்றினுடையது, தொடர்பில்லை. 2011இல் அதன் பிழைகளைப் பட்டியலிட்டு ஓர் இயக்கமே நடந்தது, பிறகு நிறையத் திருத்திக்கொண்டார்கள். ஒரு தொடரியலை அவசரமாகப் பார்க்க நானும் போவதுண்டு. ஏன் அப்படி என்று தெரிய வேண்டுமானால் எம்டிஎன்தான்.

மூலத் தரநிலை ஆவணத்தையே படிக்கலாமா? இப்போது வேண்டாம். அது பிரவுசர் எழுதுபவர்களுக்காக எழுதப்பட்டது, மூன்றாம் மாதத்தில் தலை சுற்றும். எச்டிஎம்எல் தரநிலைக்கு டெவலப்பர்களுக்கென்றே சுருக்கிய பதிப்பு ஒன்று உண்டு, ஒரு வருடம் கழித்துத் திறந்து பாருங்கள்.

வேலை விஷயத்தில் உங்கள் இரண்டாவது நண்பரோடு நான் சண்டை போட மாட்டேன். ரியாக்ட் படியுங்கள். ஆனால் சின்னதாக ஏதாவது ஒன்றை, வரிசைப்படுத்தத் தக்க ஒரு அட்டவணை என்று வைத்துக்கொள்ளுங்கள், முதலில் வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டில் செய்யுங்கள். தரவு மாறும்போதெல்லாம் திரையை நீங்களே ஒத்திசைக்க வேண்டியிருக்கும், எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலோடு அதையே ரியாக்டில் செய்யும்போது அது எதற்காகப் பிறந்தது என்று யாரும் சொல்லாமலே புரியும். பின்தளத்திலும் அப்படித்தான். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி ஒரு தரநிலை, தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் ஒரு தரநிலை, "இன்னார் கணக்கால் உள்நுழைக" பொத்தான்கள் பலவற்றுக்கும் அடியில் ஓஆத் என்ற தரநிலை இருக்கிறது. சேவை நிறுவனங்களின் பாடங்கள் இந்தப் பெயர்களைச் சொல்லாமல் தங்கள் சொந்தப் பெயர்களையே சொல்லும். நீங்கள் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: இதன் பொதுப் பெயர் என்ன? அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லையென்றால் அந்தப் பகுதி அவர்களுக்கே உரியது, அதை மனப்பாடம் செய்ய நேரம் செலவழிக்க வேண்டாம்.

புதுப் பாடம் ஒன்றைத் தொடங்கும்போது நான் செய்து பார்க்கும் சோதனையும் ஒன்று உண்டு. முதல் மணி நேரத்தில் செய்ததை என் கணினியில் சேமித்து, அந்தத் தளத்திலிருந்து வெளியேறி, இணையத்தைத் துண்டித்து, இரண்டு வேறு பிரவுசரில் திறப்பேன். திறந்தால் சரி. திறக்காவிட்டாலும் தொடரலாம், ஆனால் நான் கற்பது வலையையா அந்தத் தளத்தையா என்று அப்போதே தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் குறிப்பேடு ஆப். விட வேண்டாம், முடியுங்கள். பாதியில் விட்ட பத்து ஆப்பைவிட முடித்த ஒன்று அதிகம் கற்றுத்தரும். ஒரே ஒரு வேலை மட்டும் கூடுதலாகச் செய்யுங்கள். ஃபயர்பேஸை அழைக்கும் வரிகள் இப்போது ஆப் முழுக்கச் சிதறிக் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குக் கொண்டுபோய், குறிப்பைச் சேமி, குறிப்பை எடு, குறிப்பை நீக்கு, பட்டியலைக் கொடு என்று நான்கு ஃபங்ஷன்களாகக் கட்டுங்கள். ஆப்பின் மற்ற பகுதிகளுக்கு ஃபயர்பேஸ் என்ற பெயரே தெரியக் கூடாது. அப்புறம் எல்லாக் குறிப்புகளையும் ஜேசன் (எந்த நிரலும் படிக்கக்கூடிய உரை வடிவம்) கோப்பாக இறக்கும் ஒரு பட்டன். அது டிவ்வாக இருக்க வேண்டாம். எல்லாம் ஓடியதும் அந்தக் கோப்பை மட்டும் நகலெடுத்து, உள்ளே ஃபயர்பேஸுக்குப் பதில் பிரவுசரிலேயே இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்ட்டிபியை வைத்து எழுதிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் பிடிக்கும். எங்கெல்லாம் மாட்டிக்கொள்கிறீர்களோ அங்கெல்லாம் தையல் இருக்கிறது.